கைக்கு அடக்கமான செலவில் நியூரம்பெர்க்

நியூரம்பெர்க்கில் அறை தேட உட்காருமுன் நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அறையின் விலையைத் தீர்மானிப்பது கட்டிலோ ஜன்னலோ இல்லை; நீங்கள் தங்கும் தேதிதான். சாதாரண வாரத்தில் எழுபது, எண்பது யூரோவுக்குக் கிடைக்கிற அதே அறை, கண்காட்சி நடக்கும் வாரத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். சில நாட்களில் எந்த விலைக்கும் கிடைக்காது.

கெலமங்கலம், ஓசூர், சூளகிரி பக்கத்திலிருந்து இந்த ஊருக்குப் போகிறவர்கள் பலவகை. ஆலைக்குப் புது மெஷின் வருமுன் அதை ஓட்டப் பழகி வரச் செல்லும் டெக்னீஷியன் உண்டு. நாலு சிஎன்சி மெஷின் வைத்து உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர் உண்டு. பக்கத்து நகரமான எர்லாங்கனில் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் பெற்றோரும் உண்டு. பெரிய கம்பெனி அனுப்பினால் டிக்கெட்டும் அறையும் அவர்களே போட்டுவிடுவார்கள். இந்த அத்தியாயம் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களுக்காக எழுதியது.

விலை ஏறும் வாரங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை உலகப் பொம்மைக் கண்காட்சி. பிப்ரவரியில் பயோஃபாக் எனும் இயற்கை விளைபொருள் கண்காட்சி. மார்ச் வாக்கில் எம்பெடட் வேர்ல்டு. நவம்பர் கடைசியில் ஆலைத் தானியங்கிக் கருவிகளுக்கான எஸ்பிஎஸ். நம் பக்கத்து ஆட்களில் பலர் வருவது கடைசி இரண்டுக்கும்தான். எஸ்பிஎஸ் முடியும் கையோடு ஊரின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதல் ஞாயிறு எதுவோ, அதற்கு முன் வரும் வெள்ளியன்று திறந்து, டிசம்பர் 24 வரை ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் நடக்கும். அந்த நாலு வாரமும், சனி ஞாயிறில் குறிப்பாக, சிக்கனம் பேச இடமில்லை. தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல் பிற்பகுதி, மே, அக்டோபர் பாருங்கள். போகிற வாரத்தில் என்ன கண்காட்சி என்பதை நியூரம்பெர்க் மெஸ்ஸெ வளாகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். பல கண்காட்சிகள் ஆண்டுக்கு ஆண்டு சில வாரம் முன்பின் நகரும்.

கண்காட்சிக்கே போகிறவர் தேதியை மாற்ற முடியாது, ஊரை மாற்றலாம். பக்கத்திலேயே ஒட்டிக் கிடக்கும் ஃபியூர்ட் நகரில் அறை எடுங்கள் என்பதே என் முதல் சிபாரிசு. யு1 என்ற சுரங்க ரயில் ஃபியூர்ட்டின் மேற்குக் கோடியில் கிளம்பி, நியூரம்பெர்க் மத்திய நிலையத்தைத் தொட்டு, கண்காட்சி வளாகத்தின் வாசலில் இருக்கும் மெஸ்ஸெ நிலையம் வழியாகப் போகிறது. வண்டி மாறவே வேண்டாம். மத்திய நிலையத்துக்குக் கால் மணி நேரம். மெஸ்ஸெவுக்கு அரை மணிக்குள். இந்தத் தடத்துக்கு ஒரு கதையும் உண்டு. ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் ரயில், 1835 டிசம்பர் 7 அன்று, இதே நியூரம்பெர்க்கிலிருந்து இதே ஃபியூர்ட்டுக்குத்தான் ஓடியது. எஞ்சினின் பெயர் ஆட்லர். இன்றைய யு1 அந்தப் பழைய வழியை ஒட்டியே பெரும்பகுதி செல்கிறது. இரண்டாம் உலகப் போரில் நியூரம்பெர்க் பட்ட அழிவை ஃபியூர்ட் படவில்லை. ஆகவே பழைய வீடுகளையும் தெருக்களையும் பழைய நிலையிலேயே பார்க்க விரும்புகிறவருக்கு, விலை குறைவான ஊரில் தங்கிவிட்டோமே என்ற குறையும் இராது. எர்லாங்கனும் உள்ளூர் ரயிலில் எட்டிப்போகும் தூரம்தான். ஆனால் அங்கே சீமென்ஸ் சார்ந்த வேலைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வருகிறவர்களால் வார நாட்களில் அறை சுலபத்தில் மலிவாகாது. வெள்ளி, சனி இரவுகளில் இறங்கும்.

மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா?

கண்காட்சி இல்லாத நாளில் போகிறீர்கள் என்றால் பழைய நகரத்துக்குள், அல்லது மத்திய நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் நடக்கக்கூடிய இடத்தில் எடுங்கள். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளமிருந்த கோட்டை மதிலில் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு இன்றும் நிற்கிறது. அதற்குள்ளே எல்லாமே நடைதூரம். தெற்கு வாசலில் நுழைந்தால் லோரென்ஸ் தேவாலயம், ஆற்றுப் பாலம், ஹாப்ட்மார்க்ட், வடக்கே மேட்டில் கைசர்பூர்க் கோட்டை, அதன் அடியில் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் 1528இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. இவ்வளவையும் வெளியிலிருந்து பார்க்க ஒரு டிக்கெட்கூட வாங்க வேண்டியதில்லை, கால்தான் வேண்டும்.

மலிவு விலையில் மூன்று வகை இடங்கள் அகப்படும். ஐபிஸ் பட்ஜெட், பி அண்ட் பி, மோட்டல் ஒன் போன்ற சங்கிலி ஹோட்டல்களில் அறை சிறிதாக இருந்தாலும் சுத்தத்தில் ஏமாற்றம் வராது. பென்ஸியோன் என்ற பெயரில் குடும்பத்தினர் நடத்தும் சிறு விடுதிகள் இரண்டாம் வகை. விலை நயமாக இருக்கும். ஆனால் லிஃப்ட் இருக்கிறதா, குளியலறை அறைக்குள்ளேயா அல்லது மாடிக்குப் பொதுவா என்பதை வரிவரியாகப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். மூன்றாவது, கட்டில் கணக்கில் வாடகை வாங்கும் ஹாஸ்டல்கள்.

ஹாஸ்டல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நியூரம்பெர்க் யூத் ஹாஸ்டல் இருப்பது கோட்டையின் உள்ளே. 1494–95இல் நகரத்தார் தானியம் சேர்த்துவைக்கக் கட்டிய பெரிய கற்கட்டடம் அது. பேரரசரின் பரிவாரம் வந்தால் குதிரைகளையும் அங்கேதான் கட்டினார்கள். போரில் சிதைந்து, திரும்ப எழுப்பப்பட்டது. இளைஞர்கள் மட்டுமல்ல, குடும்பத்தோடும் தங்கலாம். காலை உணவும் படுக்கை விரிப்பும் வாடகையிலேயே அடங்கும். உறுப்பினர் அட்டை வேண்டும். இந்திய யூத் ஹாஸ்டல் சங்கம் அதே உலக அமைப்பைச் சேர்ந்தது என்பதால் அந்த அட்டை வைத்திருப்பவர்கள் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம். ஒரே சங்கடம், நிலையத்திலிருந்து அங்கே போகும் கடைசிப் பகுதி கல் பாவிய ஏற்றம். இருபத்தைந்து கிலோ பெட்டியின் சக்கரம் அந்தக் கற்களில் படும் பாட்டை நினைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள்.

“பழைய நகரம்” என்று விளம்பரத்தில் இருப்பதால் உங்கள் விடுதி முந்நூறு ஆண்டு பழையது என்று எண்ண வேண்டாம். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டுகளில் மதிலுக்குள்ளிருந்த ஊரில் பத்தில் ஒன்பது பங்கு நாசமானது. தேவாலயங்களையும் கோட்டையையும் கல்லுக்குக் கல் திரும்ப வைத்தார்கள். மற்ற பல கட்டடங்கள் ஐம்பதுகளில் அவசரத்துக்கு எழுப்பியவை. தெருப்பக்கம் பார்த்த அறையில் சத்தம் கேட்கும்; முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். பழைய நகரத்தின் தென்மேற்கில், பிளேரர் சந்திப்பை நோக்கிப் போகும் ஃபிராவன்டோர்மாவர் என்ற மதிலோரத் தெருவின் ஒரு பகுதி சிவப்பு விளக்குப் பகுதி. திருட்டு பயம் என்று சொல்வதற்கில்லை, ஆனால் பிள்ளைகளோடு இரவில் அதன் வழியாக நடந்து அறைக்கு வர யாரும் விரும்பமாட்டார்கள். முகவரியை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

வாடகையோடு முடியாத கணக்கு

ஓசூரில் லாட்ஜ் எடுத்தால் வாடகையைக் கட்டியதும் கணக்கு முடிந்தது. ஜெர்மனியில் அறை வாடகை பாதிக் கணக்குதான். இரண்டு அறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் 62 யூரோ, காலை உணவு இல்லாமல். இன்னொன்று, நிலையத்துக்குப் பக்கத்தில் 84 யூரோ, இருவருக்கும் காலை உணவோடு. பார்த்தவுடன் முதல் அறையில் 22 யூரோ மிச்சம் என்று தோன்றும். அங்கே காலை உணவுக்குத் தலைக்கு 12 யூரோ வைத்தால் 24 ஆயிற்று. ஊருக்குள் வந்து போக நாள் சீட்டு இருவருக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து யூரோ. இரவு பஸ் தவறினால் டாக்ஸி. மலிவான அறை அன்று மாலைக்குள்ளேயே விலை கூடிய அறையாகிவிடுகிறது. நாலு இரவு என்றால் வித்தியாசம் நம் ஊர்ப் பணத்தில் ஐயாயிரத்தைத் தாண்டும்.

நாள் சீட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி. நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்தான விஜிஎன்-னில் சனிக்கிழமை வாங்கும் நாள் சீட்டு ஞாயிறும் செல்லும். இருவருக்கான ‘பிளஸ்’ சீட்டு தனித்தனியாக இரண்டு வாங்குவதைவிட மலிவு. சில கண்காட்சிகளின் நுழைவுச் சீட்டிலேயே ஊர்ப் போக்குவரத்தும் சேர்ந்திருக்கும். சீட்டின் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுப் பிறகு மெஷினில் காசு போடுங்கள்.

வரி விஷயத்தில் இந்த ஊர் உங்கள் பக்கம். பெர்லினில் 2025 முதல் தங்கும் வாடகைமேல் 7.5 விழுக்காடு நகர வரி; கொலோன் போன்ற வேறு பல நகரங்களிலும் இத்தகைய வரி உண்டு. நியூரம்பெர்க் இருக்கும் பவேரிய மாநிலமோ படுக்கை வரி போட நகராட்சிகளுக்குத் தடை விதித்திருக்கிறது. திரையில் பார்த்த விலையைத்தான் கவுண்டரிலும் கேட்பார்கள்.

மூன்று பேர் போய் இருவர் என்று பதிவு செய்துவிட்டு, அங்கே போய் எக்ஸ்ட்ரா பெட் கேட்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். ஓர் அறைக்கு எத்தனை தலை என்பது தீயணைப்பு விதியோடு சேர்ந்தது. குழந்தைக்கும் வயதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

விசாவும் முன்பதிவும்

ஷெங்கன் விசாவுக்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்ற சான்று வேண்டும். ஓர் இரவுக்குச் சான்று இல்லாமல் போனாலும் கேள்வி வரும். ரயிலில் கழியும் இரவு என்றால் அந்த டிக்கெட்டை வையுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகவே எடுங்கள். அதற்குப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு ஆகாது. விசா வந்தபின் விலையை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் பழையதை விட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு போனால் கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

நம் வங்கி அட்டைகள் வெளிநாட்டில் வேலை செய்யும்படி நீங்களே திறந்துவிட்டால்தான் திறக்கும். கெலமங்கலத்தில் வண்டி ஏறுமுன் வங்கிச் செயலியில் அந்தப் பொத்தானைத் தட்டிவிடுங்கள். அங்கே கார்டு தேய்க்கும் கருவி “ரூபாயிலா, யூரோவிலா” என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று சொன்னால் அந்தக் கருவிக்காரர் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் ஏறும். சிறு பென்ஸியோன்களில் ரொக்கம் மட்டுமே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நூறு, நூற்றைம்பது யூரோ நோட்டாகக் கையில் இருக்கட்டும்.

இறங்கும் நாள்

பெங்களூருவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பினால் அங்கே காலையில் இறக்கிவிடும். கெலமங்கலத்திலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி தேவனஹள்ளி போய்ச் சேர மாலை நெரிசலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆக முந்தின நாள் மாலையிலிருந்தே தூக்கம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கும் ரயில் நிலையத்திலிருந்து நியூரம்பெர்க்குக்கு ஐசிஇ விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி. ஸ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் இறங்கும் நேரத்துக்கும் அந்த ரயிலுக்கும் மூன்று மணி இடைவெளி விட்டு வாங்குங்கள். குடியேற்ற வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் சரியாக நடந்தால் நண்பகலில் நியூரம்பெர்க்கில் இருப்பீர்கள். அறை மூன்று மணிக்குத்தான். நம் ஊர் லாட்ஜ்களின் 24 மணி நேரக் கணக்கு அங்கே இல்லை: மாலை 3 மணிக்கு அறை, காலை 11க்குள் காலி. ஆனால் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள். சிறு விடுதிகளில் வரவேற்பில் எந்நேரமும் ஆள் இருப்பதில்லை. நீங்கள் வரும் நேரத்தை முதல் நாளே மின்னஞ்சலில் எழுதிவிட்டால், வாசலில் இருக்கும் சாவிப் பெட்டியின் எண்ணை அனுப்புவார்கள். எழுதாமல் இரவு பத்தரைக்குப் போய் நின்றால், பனி பெய்யும் தெருவில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க நேரிடும். பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட் எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 2025 முதல் ஜெர்மானியர்களுக்கு அந்தப் படிவம் தேவையில்லை. வெளிநாட்டவருக்கு இன்னும் உண்டு.

முதல் நாள் படுத்துவிடாதீர்கள். ஹாப்ட்மார்க்ட்டில் ஃபிராவன்கிர்ஹெ தேவாலயத்தின் முகப்புக் கடிகாரத்தில் நண்பகல் 12 மணிக்கு ஏழு சிற்றரசர் பொம்மைகள் பேரரசரைச் சுற்றி வரும். நேரத்துக்குப் போனால் அதைப் பார்க்கலாம். பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கடிகாரத்தைச் சிறிதாக்கிய பீட்டர் ஹென்லைன் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை செய்தது இந்த ஊரில்தான். டைட்டன் ஆலையைத் தாண்டிப் போய்வரும் ஓசூர்க்காரருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அறைக்குள்ளே

ஏசியும் மின்விசிறியும் மலிவு அறையில் எதிர்பார்க்க வேண்டாம். தளிப் பக்கத்துக் குளிரைக் கண்டவர்கள்கூட ஜனவரியில் அங்கே அசந்துபோவார்கள், ஆனால் அறைக்குள் குளிராது. ஜன்னலுக்குக் கீழே வெள்ளை இரும்புப் பட்டையாக ஹீட்டர் இருக்கும். அதன் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ். மூன்றில் வைத்தால் இருபது டிகிரி அளவில் நிற்கும். குமிழைத் திருகிவிட்டு உடனே சூடு வரவில்லையே என்று ஐந்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அரை மணி கொடுங்கள். ஜன்னல் கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவு போலத் திறக்கும், நேர் மேலே திருப்பினால் மேற்பகுதி மட்டும் உள்ளே சாயும். மேலே திருப்பியதும் கதவே பெயர்ந்து கையோடு வருவது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், காற்றுக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட். நம் மூன்று முனை பிளக் மட்டும் நுழையாது. ஓர் அடாப்டர் போதும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். சின்ன மின் கெட்டில் ஒன்று எடுத்துப் போவது நல்லது, பல மலிவு அறைகளில் அது இருக்காது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம் மட்டுமே. பிளாஸ்டிக் மக் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஷவர் தரையில் திரைக்கு வெளியே வடிகால் இருக்காது. குளியலறை முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரை நனையும்.

விளக்கேற்றுவதும் ஊதுபத்தி, சூடம் கொளுத்துவதும் அறைக்குள் கூடாது. கூரையிலுள்ள புகை உணர்வி கூவினால் தீயணைப்பு வண்டி வந்துவிடலாம்; அந்தச் செலவை உங்களிடம் கேட்பார்கள். தாளிப்பதும் அப்படியே. இரவு பத்துக்குமேல் அமைதி காப்பது அங்கே கண்டிப்பான வழக்கம். கோடையில் நம் நேரம் அவர்களுக்கு மூன்றரை மணி முன்னால், குளிர்காலத்தில் நாலரை மணி. வீட்டுக்கு வீடியோ கால் பேசுவதை மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

சாப்பாடு

பவேரியாவில் கடைகள் இரவு எட்டுக்குச் சாத்தப்படும். ஞாயிறும் அரசு விடுமுறையும் முழு அடைப்பு. சனிக்கிழமை மாலைக்குள் தயிர், ரொட்டி, பழம் வாங்கி வைக்காதவருக்கு மத்திய நிலையத்துக்குள் இருக்கும் கடைகளே கதி. அங்கே விலை கூடுதல். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்தே வாங்குவார்கள், எந்த சூப்பர்மார்க்கெட் கருவியில் போட்டாலும் திரும்பிவரும்.

விடுதியின் காலை உணவில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை, பழம் இருக்கும். அருகிலேயே பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கும். ஊரின் பேர்போன விரல் நீளத் தொத்திறைச்சியும் பன்றிதான். சைவக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போது “வெகெடாரிஷ்” என்று சொன்னால் புரியும். லேப்கூஹன் என்ற மசாலா ரொட்டியில் முட்டை சேர்த்திருப்பார்கள். அதன் ஏலமும் கிராம்பும் பட்டையும் வந்த வழி நம் பக்கத்தது: 1505இல் இந்தியாவுக்குக் கிளம்பிய போர்த்துகீசியக் கப்பல்களில் நியூரம்பெர்க் வணிகக் குடும்பங்களும் முதல் போட்டிருந்தன.

வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஐரோப்பிய எல்லைக்குள் கூடாது. கிருஷ்ணகிரி மாம்பழத்தை ஆசையாகப் பெட்டியில் வைக்காதீர்கள். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் தவிர எந்தப் பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கறிவேப்பிலைக்கும் இடமில்லை. வாங்குபவரிடம் காட்ட நாலு ரோஜா கொண்டுபோகலாமா என்று கேட்கும் கெலமங்கலம் பூ விவசாயிக்கும் இதுதான் பதில். சான்றிதழ் எடுத்தே கொண்டுபோக வேண்டும்.

காலி செய்யும்போது பில்லைத் தமிழ்நாட்டு நிறுவனத்தின் பெயரில் வேண்டும் என்பவர்கள், பெயரையும் முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதி அறை எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அச்சடித்த பிறகு மாற்றித் தரப் பல விடுதிகள் தயங்கும். தங்கும் வாடகைக்கு 7 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி அதில் தனி வரியாக இருக்கும். உங்கள் ஆடிட்டர் கேட்பது அந்த வரியைத்தான்.